அட்லாண்டிக் ஸ்காலப்: எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அமெரிக்கா எப்படி முடிவு செய்கிறது?

அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் ஸ்காலப் சிப்பி பிடிக்க உரிமம் மட்டும் கையில் இருந்தால் போதாது. எந்தப் பகுதியில், எத்தனை நாள், எத்தனை பவுண்டு என்று ஒவ்வோர் ஆண்டும் தனியாக விதி வரும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அடிப்படை, 1976-இல் வந்த மேக்னசன்–ஸ்டீவன்ஸ் சட்டம். அதன்கீழ் 1982 முதல் ஸ்காலப்புக்குத் தனி மேலாண்மைத் திட்டம் உண்டு. நியூ இங்கிலாந்து மீன்வள மேலாண்மை மன்றம் அதைத் தயாரிக்கிறது. நோவா என்ற மத்திய அரசின் கடல், வளிமண்டல அமைப்பின் மீன்வளப் பிரிவு நடைமுறைப்படுத்துகிறது. இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கவேண்டும். இப்போது பிடிக்கும் வேகம் வரம்பு மீறியதா? கடலில் மிஞ்சியிருக்கும் இருப்பு மெலிந்துவிட்டதா? நீண்டகாலத்துக்கு அதிகபட்ச விளைச்சல் தரவல்ல இருப்பில் பாதிக்கும் கீழே போனால், மீட்புத் திட்டம் போட்டே ஆகவேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். இருப்பு செழிப்பாக இருக்கும்போதே வரம்பு மீறிப் பிடிக்கலாம். பிடிப்பைக் குறைத்த பிறகும் இருப்பு தேறாமல் கிடக்கலாம்.

மீனை எண்ணுவதைவிட ஸ்காலப்பை எண்ணுவது எளிது, ஏனென்றால் அது தொலைதூரம் போகாது. ஆய்வுக் கப்பல்கள் டிரெட்ஜ் என்ற இரும்பு வாரியை இழுத்து மாதிரி எடுக்கின்றன. வாரி கடந்துபோகும் இடத்தில் உள்ள எல்லாச் சிப்பியும் அதில் ஏறுவதில்லை; அந்தக் குறையை ஈடுகட்டக் கடலடியைப் படமெடுக்கும் கேமராக்கள் உண்டு. ஓட்டின் உயரத்தை அளந்தால் எந்த வயதுச் சிப்பி எவ்வளவு என்று தெரியும். ஆய்வாளர்கள் இன்னொன்றையும் எண்ணுவார்கள்: இரண்டு ஓடும் பிரியாமல், உள்ளே சதையில்லாமல் கிடப்பவை. இரு ஓட்டையும் பிணைக்கும் கீல் இன்னும் அறுந்துபோகவில்லை என்றால் சாவு அண்மையில் நடந்திருக்கிறது. டிரெட்ஜில் சிக்காமல் தானாக இறந்தவை எத்தனை என்பதற்கு அதுவே தடயம்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம் என்பதை 1994 காட்டியது. காட் முதலான மீன்கள் தேறட்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்க் என்ற கடலடி மேட்டின் பெரிய பகுதிகளை மூடினார்கள். ஸ்காலப் படகுகளுக்கும் அங்கே தடை. சில ஆண்டுகளிலேயே உள்ளே சிப்பி பெருத்துக் குவிந்தது. 3 முதல் 5 வயதுக்குள் ஸ்காலப்பின் சதை எடை நான்கு மடங்காகிறது. அந்த வயதுக்குமுன் வாரினால் நட்டம் படகுக்காரருக்கே. அதனால் 2004 முதல் சுழற்சி முறை: குஞ்சுச் சிப்பி நிறைந்த பகுதியை மூடி, வளர்ந்தபின் திறப்பது.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. மூடிய பகுதியின் குவியல் மொத்தச் சராசரியைத் தூக்கிக் காட்டும். திறந்த பகுதி சுரண்டப்பட்டுக் கிடந்தாலும் கணக்கு அழகாகத் தெரியும். ஆகவே அறிக்கையைப் படிப்பவர்கள் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பகுதிவாரி அட்டவணையை முதலில் பார்ப்பது நல்லது.

அறிவியல் குழு ஒரு உச்சவரம்பு தரும்; அது வரம்பு மீறிய பிடிப்பாகிவிடும் வாய்ப்பு 25 சதவீதத்தைத் தாண்டாதபடி கணிக்கப்படுகிறது. மன்றம் அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மற்றவை கருவி விதிகள்: சிறிசுகள் நழுவிப்போக டிரெட்ஜின் வளையம் 4 அங்குலம் இருக்கவேண்டும், சில பகுதிகளில் சில மாதங்களில் ஆமை சிக்காத வடிவமைப்பு வேண்டும், எல்லோடெய்ல் மீன் தவறிச் சிக்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒதுக்கப்பட்ட கடல்நாள் கணக்கில் கிளம்பும் பெரிய படகில்கூட 7 பேருக்கு மேல் ஏறக்கூடாது. ஆள் எண்ணிக்கையில் ஏன் கை வைக்கிறார்கள்? ஓட்டைப் பிளந்து சதை எடுப்பது படகிலேயே நடக்கும் கைவேலை. கை குறைந்தால், பொடிச் சிப்பியை உரித்து நேரத்தை வீணாக்க யாரும் துணிய மாட்டார்கள்.

ஆய்வுச் செலவிலும் ஒரு பகுதி இந்தச் சிப்பியிலிருந்தே வருகிறது: பிடிப்பில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஆராய்ச்சிக்கென ஒதுக்கி, விற்ற பணத்தில் கேமரா ஆய்வுகள் நடக்கின்றன.

மீன்பிடி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கும். புதிய அளவு அதற்குள் வராவிட்டால், முந்தைய ஆண்டே எச்சரிக்கையோடு குறைத்து எழுதிவைத்த தற்காலிக அளவு அதுவரை செல்லும்.