இன்சூரன்ஸ் கார்டும் ஐம்பது நிமிட தெரபியும்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தெரபிக்காக, அதாவது பேச்சுவழி மனநல சிகிச்சைக்காக, என் அறைக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கமில்லை, பறக்கும் ரயிலில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்றார். ஐம்பது நிமிடம் நன்றாகவே பேசினார். எழுந்திருக்கும்போது பர்சிலிருந்து கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். "அஞ்சு லட்சம் கவர் இருக்கு மேடம். கேஷ்லெஸ்தானே?"

என் கட்டணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டிவிடும், தான் கையிலிருந்து தர வேண்டாம் என்று நினைத்திருந்தார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கார்டை எடுத்துப் பர்சின் அதே மடிப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வாரம் வரவில்லை. பணப் பேச்சைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்டது என் தவறு. இப்போதெல்லாம் நேரம் கேட்டு போன் செய்யும்போதே கட்டணத்தையும் இன்சூரன்ஸ் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"மனநோய்க்கும் இன்சூரன்ஸ் உண்டு என்று சட்டமே இருக்கிறதே?" என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் அது அமலில் உள்ளது. சிக்கல் அந்த 'அதே அடிப்படை'யில்தான். நம் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தருபவை. சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் டாக்டரைப் பார்க்கும் ஃபீஸையே தராத பாலிசி, வாராவாரம் நடக்கும் தெரபிக்கு எப்படித் தரும்?

ஓ.பி.டி. செலவையும், அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் டாக்டரைப் பார்த்துவரும் செலவையும், ஏற்கும் பாலிசி உங்களிடம் இருந்தால் நல்லது. அதிலும் வருடத்துக்கு எவ்வளவு வரை, சைக்கியாட்ரிஸ்ட்டுக்கு (மருந்து எழுதும் மனநல மருத்துவர்) மட்டுமா சைக்காலஜிஸ்ட்டுக்கும் (பேசிச் சிகிச்சை தரும் உளவியலாளர்) உண்டா, மனநல மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டுமா என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கால் சென்டரில் "கவர் ஆகும் சார்" என்று சொன்னதை நம்பிச் செலவு செய்துவிட்டு, ரசீதுக் கட்டோடு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும்; ரசீதில் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளெய்ம் போட்டால் நோயின் பெயர் அறையை விட்டு வெளியே போகும். பெற்றோர் தயங்குவது இங்கேதான். "டிப்ரஷன்னு எழுதாதீங்க மேடம், நாளைக்குப் பொண்ணு பார்க்கணும்" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. கைப்பணம் கட்டினால் குறிப்புகள் என் அலமாரியிலேயே இருக்கும். ரகசியம் காப்பது சட்டப்படியும் என் கடமை. ஆனால் கிளெய்முக்காக நோயின் பெயரைக் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன். பின்னாளில் புதுப் பாலிசி எடுக்கும்போது, படிவத்தில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். மறைத்தது தெரிந்தால் வேறு நோய்க்கான கிளெய்முக்கும் அது வினையாகலாம். உண்மையைச் சொன்னால் அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் வரும்; அதுவரை அந்த நோய்க்கு மட்டும் கிளெய்ம் கிடைக்காது. 2024 முதல் அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

சரி, கைப்பணம் என்றால் எவ்வளவு? என் கட்டணம் 1,500 ரூபாய். வாரம் ஒருமுறை என்றால் மாதம் 6,000. வேளச்சேரியில் வாடகை கொடுத்துக்கொண்டு, ஊருக்கும் பணம் அனுப்புகிறவருக்கு அது பெரிய தொகை. அதனால் முதல் நாளே எத்தனை வாரம் தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போடுகிறோம். மூன்று வாரம் தொடர்ந்து வந்துவிட்டுக் கடனாளியாகி நிற்பதைவிட, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆறு மாதம் வருவது எத்தனையோ மேல். அந்த ஓ.எம்.ஆர். இளைஞரும் இரண்டு மாதம் கழித்து அப்படித்தான் திரும்பி வந்தார். இடையில் அவருடைய கம்பெனியே ஊழியர்களுக்கு இலவசமாகத் தரும் நான்கு கவுன்சலிங் செஷனையும் முடித்திருந்தார். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை, எச்.ஆரிடம் காரணம் சொல்லாமலேயே விசாரிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் கணக்கே வேறு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் விடாமல் துரத்துகிறது, நாள்கணக்கில் சாப்பாடு இல்லை என்றால், கௌரவம் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். பாலிசியை எடுங்கள். மனநோய் என்பதற்காகவே கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்ப்பவர்) அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் தரக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கார்டும் இல்லை, கையில் பணமும் இல்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போங்கள். 1794இல் தொடங்கிய இடம். அந்தப் பெயரைச் சொன்னாலே கூசுகிறவர்களை அறிவேன். நானே சீட்டு எழுதி அனுப்பியவர்கள் அங்கே மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்கும் போய்வருகிறார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.