சிரிப்புக்கு எத்தனை ஃபிரேம்?

படப்பிடிப்பில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்த காட்சி, எடிட்டிங் அறையில் ஓட்டிப் பார்த்தால் சப்பென்று இருக்கும். அதே வசனம், அதே நடிப்பு. பெரும்பாலும் பிசகியிருப்பது இடைவெளிதான்.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடுகிறது. ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிநொடி. ஒருவர் கேள்வி கேட்கிறார். மற்றவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பதில் சொல்கிறார். அந்த முறைப்பு அரை நொடியில் முடிந்தால் அது சாதாரணப் பேச்சு. இன்னும் சற்று நீடித்தால், பார்ப்பவரின் மனம் தானாகவே ஒரு பதிலை எதிர்பார்த்து நிற்கும். வருவது வேறாக இருக்கும்போதுதான் சிரிப்பு பிறக்கிறது. எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதே சிரிப்பு என்று ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790-லேயே எழுதினார். முறைப்பை மேலும் இழுத்தாலோ, பதிலைப் பார்ப்பவரே ஊகித்துவிடுவார்.

சரி, எடிட்டர் இடைவெளியை நீட்ட வேண்டும் என்றால்? இருவரும் ஒரே ஷாட்டில் இருந்தால் முடியாது. நடித்த வேகம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரே கேமராவை வைத்துப் படமெடுக்கும் சிறு குழுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. பேசுபவரை எடுத்த பிறகு, கேட்பவரின் முகத்தையும் தனியாக எடுத்து வைத்தால், அதை நடுவில் செருகிப் பிழைக்கலாம்.

ஒலியும் வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. வசனங்களுக்கு நடுவே முழு நிசப்தத்தைச் செருகினால், ஏதோ அறுந்துபோனதைக் காது உடனே உணர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடி நிற்க, ஒரு நிமிடம் அந்த அறையின் 'மௌனத்தை' பதிவு செய்ய வேண்டும். காசே செலவாகாத வேலை இது. அவசரத்தில் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்!

அப்புறம், எடிட்டரின் சிரிப்பை நம்ப முடியாது. நூறு முறை பார்த்தவருக்கு எதிர்பார்ப்பே மிஞ்சியிருக்காது. 'எ நைட் அட் தி ஒபேரா' (1935) படத்துக்காக அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் சில காட்சிகளை முன்கூட்டியே ஊர் ஊராக மேடையில் நடித்து, சிரிப்பு எங்கே எழுகிறது, எவ்வளவு நீடிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். சிறு குழுவுக்கு அந்த வசதி ஏது? முப்பது பேரை ஓர் அறையில் உட்காரவைத்தால் போதும். படத்தை அவரவர் வீட்டுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது இதற்கு ஈடாகாது: தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் பேராசிரியர் ராபர்ட் புரோவின் கண்டறிந்தார்.

அவர்கள் பார்க்கும்போது எழும் ஒலியைப் பதிவு செய்து, எடிட்டிங்கில் படத்துக்குக் கீழே ஒரு வரிசையாகப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும். எந்தச் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கியதோ, அங்கே தனியாக எடுத்து வைத்த அந்த முகத்தை இரண்டு நொடி செருகலாம். இன்னோர் அரங்கில் யாரும் சிரிக்காவிட்டாலும், அந்த முகம் கதையை நகர்த்திக்கொண்டு போகும்.