பிக்கப்பை உலுக்கும் டிரெய்லர்

பிக்கப் வண்டியின் கப் ஹோல்டரில் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, பின்னால் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பாலத்து இணைப்பு ஒன்றைக் கடக்கும்போது தண்ணீர் என்ன செய்கிறது என்று பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே துள்ளுகிறதா, முன்னும் பின்னுமாக அலைகிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு. இதைப் பார்க்காமலே நேராகக் கடைக்குப் போய் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக மாட்டும் காற்றுப் பை) வாங்கி மாட்டிவிட்டு, ‘இன்னும் குலுக்குதே’ என்று புலம்புகிறவர்கள் உண்டு.

வட அமெரிக்கச் சாலைகளில் வீடு மாதிரி நீளமான பயண டிரெய்லர்கள் பலவற்றை இந்த ஃபிஃப்த் வீல் முறையில் இழுக்கிறார்கள். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு வளையத்தைப் படுக்கையாக வைத்திருந்தார்கள். பார்க்க அது ஐந்தாவது சக்கரம் போலவே இருக்கும். ‘ஃபிஃப்த் வீல்’ என்ற அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ, ஹிட்ச் என்ற இணைப்புக் கருவி உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீளும் 2 அங்குல விட்டமுள்ள கிங்பின்னை அதன் தாடை கவ்விக்கொள்ளும். டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இந்த ஒரு கிங்பின் வழியாகப் பிக்கப் மேல் இறங்கும். 5 டன் டிரெய்லர் என்றால் சுமார் 1 டன்.

முதலில் முன்பின் ஆட்டத்தைப் பார்ப்போம், எரிச்சல் அதிகம் தருவது அதுதான். டிரெய்லரின் சக்கரங்கள் மேட்டில் ஏறி இறங்கும்போது, அது தன் அச்சுகளை மையமாகக் கொண்டு மூக்கைத் தூக்கி இறக்குகிறது. கிங்பின்னோ அச்சைவிட ஏறக்குறைய 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதனால் மூக்கு மேலே போகும்போது பின்னுக்கும் போகிறது. 1 பாகை சாய்ந்தாலே சுமார் 1.4 செ.மீ. கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் நகர்வது பல டன் எடை. அத்தனையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துத் தள்ளுகிறது. வினாடிக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும் முன்பின் அசைவைத்தான் மனித உடம்பு மிகக் கூர்மையாக உணரும். மேலும் கீழுமான அசைவில் அந்த எல்லை வினாடிக்கு 4 முதல் 8 முறை.

இதோடு தாடையில் இடைவெளியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இழுப்பு ‘டொக்’ என்ற இடியாக மாறும். சோதிப்பது எளிது: சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தபடி, பிக்கப்பை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இன்னொருவர் பாதுகாப்பாக ஓரமாக நின்று பார்க்கட்டும். பிக்கப் நகர்ந்து, கிங்பின் ஒரு கணம் தாமதித்துக் கிளம்பினால் அங்கே இடைவெளி இருக்கிறது. தாடையைச் சரிசெய்ய வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். டிரெய்லர் பிரேக் தாமதமாகவோ பலம் குறைவாகவோ பிடித்தாலும், நிறுத்தும்போதெல்லாம் இதே இடி வரும்.

இடைவெளி இல்லாமலும் அலைகிறதா? அப்போதுதான் மூக்கில் ஏர் ஸ்பிரிங் வைத்த பின் பாக்ஸுக்கு (கிங்பின்னைத் தாங்கும் பெட்டிக்கு) வேலை. டிரெய்லரின் ஆட்டத்தை அது அப்படியே கடத்தாமல் நடுவில் வாங்கிக்கொள்கிறது. கிங்பின் மேல் இறங்கும் எடைக்கு ஏற்ற காற்று வேண்டும். ஒரேயடியாக அடைத்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய பை இரும்புக்கட்டைக்குச் சமம்.

சரி, தண்ணீர் மேலே துள்ளினால்? ஸ்பிரிங் தன் சுமையில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அதுதான் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு ஓர் ஆட்டம். 3 செ.மீ.க்கும் குறைவென்றால் மூன்று. டிரெய்லர்களின் ஸ்பிரிங் பட்டைகள் சில சென்டிமீட்டர்தான் அமுங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால், சின்னச் சின்ன மேடுகளுக்கு அவை அசைவதே இல்லை. அந்த நேரத்தில் ஸ்பிரிங்காக இருப்பது டயர் மட்டும்தான். பெரிய ஆட்டம் வந்துவிட்டாலோ, அதை அடக்கப் பல டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பரே கிடையாது. அதைப் பொருத்துவதும், இரண்டு அச்சுகளையும் இணைக்கும் ஈக்வலைசரை ரப்பர் வைத்ததாக மாற்றுவதும் பலன் தரும். அப்படியே கீழே குனிந்து ஷாக்கிள் புஷ்களையும் (ஸ்பிரிங்கை மாட்டும் இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் உறைகள்) பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து போல்ட்டில் பள்ளம் விழுந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி.

பிக்கப்பின் பின் அச்சில் கூடுதலாக மாட்டும் ஏர் பேக் பற்றித்தான் குழப்பம் அதிகம். ஏற்கெனவே இருக்கும் ஸ்பிரிங்கோடு அதுவும் சேர்ந்து தாங்குவதால் விறைப்பு கூடத்தான் செய்யும். பின்பக்கம் தாழ்ந்து, ஸ்பிரிங் முட்டுக்கட்டையில் இடிக்கிற வண்டிக்கு அது மருந்து. மற்றபடி சுகத்துக்காக என்றால் என்னைக் கேட்டால் வேண்டாம்.

சாமான் அடுக்குவதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பளு தூக்கும் கம்பியின் இரு முனைகளிலும் எடையை மாட்டிச் சுழற்றிப் பாருங்கள், கிளப்புவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம். மூக்கிலும் வாலிலும் கனத்தை ஏற்றிய டிரெய்லரும் அப்படித்தான், ஆட ஆரம்பித்தால் சீக்கிரம் ஓயாது. கனமானவற்றை அச்சுகளுக்கு அருகே வைக்கலாம். அதற்காகக் கிங்பின் மேல் இறங்கும் எடை 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்பதும் முக்கியம். மூக்கு தூக்கி நின்றால் டிரெய்லரின் இரண்டு அச்சுகளில் பின்னால் உள்ளது மட்டும் அதிகம் சுமக்கும்.

டயர் காற்றைக் குறைத்துச் சுகம் தேடுவது ஆபத்து. எடை மேடையில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடை போட்டுப் பார்த்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே போகவே கூடாது. காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும்.

அப்புறம், சாலையே தாளம் போடும் இடங்கள் உண்டு. கான்கிரீட் சாலையில் பலகை மாதிரிப் போட்ட துண்டுகள் 4.5 மீட்டருக்கு ஒரு இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 6 இடி, 60 கி.மீ.யில் கிட்டத்தட்ட 4. ஏதோ ஒரு வேகத்தில் இந்தத் தாளம் வண்டியின் சொந்த ஆட்டத்தோடு ஒத்துப்போய், குலுக்கல் உச்சத்துக்குப் போகும். வேகத்தை ஐந்து பத்து கி.மீ. குறைத்துப் பார்த்தால் பாட்டில் தண்ணீர் அடங்குவது கண்ணுக்கே தெரியும்.