பாட்டு பிடிக்கவில்லையா, பாட்டு கேட்கவில்லையா?

காது பரிசோதனைக்கு வரும் பெரியவர்களிடம் டிவி, போன், கல்யாண வீட்டுப் பேச்சு பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, பாட்டு கேட்பீர்களா என்றும் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில்: "இப்ப வர்றதெல்லாம் பாட்டாம்மா? ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை புரியலை." கூட வந்த மகன் சிரித்துக்கொண்டே, "அப்பா பழைய பாட்டு ஆளு மேடம், அவர் டேஸ்ட் அப்படி" என்பார். அது பாதி உண்மை. மீதி, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் இருக்கும்.

முதல் பாதியைப் பார்த்துவிடலாம். ரசனையில் பெரும்பங்கு பழக்கம்தான், அதுவும் நாம் நினைப்பதைவிட வெகு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. எரின் ஹேனன், சாண்ட்ரா டிரஹப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆறு மாதக் குழந்தைக்கு மேற்கத்தியத் தாளம் பிசகினாலும் தெரிகிறது, எண்ணிக்கை ஒரே சீராக இல்லாத, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி நாட்டுப்புறத் தாளம் பிசகினாலும் தெரிகிறது. ஒரு வயதுக்குள் காது தன் வீட்டில் கேட்கும் தாளத்தோடு ஒன்றிவிடுகிறது. மிஸ்ர சாப்புத் தாளம் கேட்டு வளர்ந்தவருக்கு ஏழு எண்ணிக்கை இயல்பாக இருப்பதும், மற்றவருக்கு ஏதோ இடிப்பதும் இதனால்தான். பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. மேற்கத்தியக் காதுக்கு இனிமையாகவும் நாராசமாகவும் படும் சுரச் சேர்க்கைகள் இரண்டுமே அவர்களுக்கு ஒன்றுபோலத்தான் பிடித்திருந்தன.

அப்புறம் வயது. பதின்ம வயதிலும் அதை ஒட்டிய வருடங்களிலும் கேட்ட பாட்டு மனத்தில் ஒட்டுவதுபோல நாற்பதில் கேட்பது ஒட்டாது. அரிதாகச் சிலருக்கு எந்தப் பாட்டுமே ஒன்றும் செய்வதில்லை. காதும் நன்றாக இருக்கும், மனச்சோர்வும் இருக்காது. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் "கல்நெஞ்சு" என்று திட்டாதீர்கள், பாவம்.

இதெல்லாம் ரசனை. இதற்குச் சண்டை போடலாம், சிகிச்சை வேண்டாம்.

ஆனால் நேற்றுவரை பிடித்த பாட்டு இன்று பிடிக்கவில்லை என்றால் நான் காதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வயதாலோ சத்தத்தாலோ உள்காதின் மயிர்செல்கள் கெடும்போது, கூர்மையான ஒலிகளை வாங்கும் செல்கள்தான் வழக்கமாக முதலில் போகின்றன. பஜனை கோஷ்டியில் பாடும் ஒருவர், "ஜால்ரா போடுறவர் இப்பல்லாம் ஒழுங்காத் தட்டுறதே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலி கூர்மையாகும். அவருடைய ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஏறக்குறைய சரியாக இருந்தது. 4000-இல் 65 டெசிபலுக்குச் சரிந்திருந்தது, அதாவது அவ்வளவு சத்தமாக ஒலித்தால்தான் அவருக்குக் கேட்கும். ஜால்ராவின் கிணுகிணுப்பு இருப்பதே அந்த மேல்பகுதியில்தான். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அவருக்குக் கேட்கும், கஞ்சிராவின் சலங்கை கேட்காது.

வார்த்தைக்கும் இதே கதிதான். ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ் அலைவரிசையில் இருக்கிறது. ச, ஷ, த, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. அந்த மேல்பகுதி கேட்காமல் போய்விட்டால் பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. அதிலும் பின்னணியில் பத்து வாத்தியங்கள் ஒலிக்கும் புதுப் பாட்டில் சுத்தமாகப் புரியாது. பழைய பாட்டு மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கிறது? வரிகள் மனப்பாடம். காது விட்டதை மூளை நிரப்பிக்கொள்கிறது. கேட்பவருக்கு அது தெரியாது, பழைய பாட்டு தெளிவு, புதுப் பாட்டு மோசம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

மெதுவாக வைத்தால் கேட்பதில்லை, கொஞ்சம் கூட்டினால் காதைக் குடைகிறது என்பதும் உள்காதுக் குறையின் அடையாளம். "எல்லாப் பாடகரும் சுருதி விலகிப் பாடுறாங்க" என்று சங்கீதம் தெரிந்தவர் சொன்னால் கண்டிப்பாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு காதும் ஒரே சுரத்தை வெவ்வேறாகக் காட்டும் நிலை ஒன்று உண்டு. ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.

சிரிக்கும் மகனுக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்பாகக் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். இயர்போன் ஆட்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காது மெஷின் வைத்துக்கொண்ட பிறகு பாட்டு இன்னும் மோசம் என்று வருபவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது நியாயம். மெஷின் முதலில் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீண்ட புல்லாங்குழல் சுரத்தைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். சீராக ஒலிக்கும் தம்புராவை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துவிடும். இந்த வேலைகளைக் குறைத்து, இசைக்கென்றே தனி புரோகிராம் பல டிஜிட்டல் மெஷின்களில் போட முடியும். கேட்டால்தான் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். அதனால் மெஷினைச் சரிசெய்ய வரும்போது, நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றையும் இதுவரை கேட்காத பாட்டு ஒன்றையும் போனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். தெரிந்ததில் சுருதியைப் பார்ப்போம், தெரியாததில் வார்த்தையை.