பிளேட் சால்விங்: எந்தத் தகடு, என்ன தீர்வு?

தொலைநோக்கியில் கேமரா மாட்டிப் படமெடுப்பவர்கள் ராத்திரிக்குப் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை 'பிளேட் சால்விங்'. எடுத்த படம் வானத்தின் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்கு அந்தப் பெயர். பிளேட் என்பது இங்கே கண்ணாடித் தகடு. சென்சார் வருவதற்கு முன்பு, ஒளியுணர் பூச்சு பூசிய கண்ணாடியில்தான் வானத்தைப் படமெடுத்தார்கள். 1887இல் பாரிஸில் தீட்டிய 'கார்ட் து சியல்' என்ற வான்வரைபடத் திட்டத்துக்கு, ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் பின்னாளில் தகடு தகடாக எடுத்துக் கொடுத்தது.

தகட்டில் மில்லிமீட்டரில் அளந்த புள்ளி வானத்தில் எங்கே இருக்கிறது? இடம் தெரிந்த சில விண்மீன்களை வைத்துச் சமன்பாடு எழுதி, தகட்டின் மையம், சாய்வு, அளவு ஆகியவற்றைத் தரும் மாறிலிகளைக் கணக்கிடுவார்கள். சமன்பாட்டைத் தீர்ப்பதால் 'சால்விங்'. தகடு போயே போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது கணக்கு மென்பொருளின் தலையில். படத்தில் நான்கு விண்மீன்களை எடுத்து, அவற்றின் இடைத்தூர விகிதத்தை விண்மீன் அட்டவணையோடு ஒப்பிடும். படத்தைச் சுழற்றினாலும் விகிதம் மாறாது, அதுதான் சூட்சுமம். இடம் தெரிந்ததும், நாம் படமெடுக்க நினைத்த இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தொலைநோக்கியைத் திருப்பிவிடும்.

இந்த வேலையைச் செய்யும் அஸ்டாப் என்ற இலவச மென்பொருளை நிறுவுபவர்கள், விண்மீன் தரவுத்தளத்தைத் தனியாக இறக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். நான் சறுக்கியது வேறு இடத்தில். 500 மி.மீ. குவியத்தூரக் குழாயில் 0.8 ரெட்யூசர் (குவியத்தூரத்தை 0.8 மடங்காகக் குறைக்கும் வில்லை) மாட்டிவிட்டு, மென்பொருளில் குவியத்தூரத்தை 500 என்றே விட்டிருந்தேன். மைக்ரானில் உள்ள பிக்சல் அளவை 206.265ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) என்று வரும். என் 3.76 மைக்ரான் கேமராவுக்கு 1.94 வர வேண்டியது, 1.55 என்று நின்றது. அரை மணி நேரம் மேகத்தைத் திட்டினேன். 400 என்று மாற்றியதும் அடுத்த படமே தீர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகட்டுத் தீர்வு' வரலாற்றுக்குச் சரி, ஆனால் புதிதாக வருபவருக்கு எதுவும் புரியாது. செய்யும் வேலையை அப்படியே சொல்வது 'நட்சத்திரப் பொருத்தம்'தான். ஆனால் கேட்பவர் பெண்ணுக்கு என்ன ராசி என்பார். என் தேர்வு 'வான்புலம் அறிதல்'. புலம் என்றால் இடம், திசை. பார்வைப்புலம் என்கிறோமே, அதுவும் இதில் சேர்ந்துகொள்ளும். மொட்டைமாடியில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க, "புலம் கிடைச்சுதா?" போதும்.