வேளாண், உணவுத் துறையில் வேலை தேடுகிறீர்களா? பொருள் எங்கே கெடுகிறது என்று பாருங்கள்

வேளாண்மை படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும்: அரசுப் பணி, ஆசிரியர் பணி, சொந்தப் பண்ணை. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ‘ஏதாவது கம்பெனியில் குவாலிட்டி’ என்பதோடு பட்டியல் முடிந்துவிடும். வேலைகள் இல்லாததால் இப்படி ஆகவில்லை. பட்டத்தின் பெயரை வைத்துத் தேடுவதால்தான் இந்தக் குறுக்கம். விதையிலிருந்து தட்டு வரைக்கும் ஒரு பொருள் எந்தெந்த இடத்தில் கெடுகிறது, அங்கே ‘இது போகலாம், இது போகக் கூடாது’ என்று சொல்வது யார் என்று பாருங்கள். அப்படி முடிவு சொல்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அதில் பல கல்லூரி வழிகாட்டிப் பட்டியல்களில் வருவதே இல்லை.

விதைப் பரிசோதனைக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். 1924இல் தொடங்கிய பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகளின்படி, முளைப்புத்திறன் சோதனைக்கு 400 விதைகளை எடுத்து, நூறு நூறாகப் பிரித்து, ஈரத்தாளிலோ மணலிலோ வைப்பார்கள். எண்ணுவது எளிது. ஆனால் முளைத்தவை எல்லாம் கணக்கில் சேராது. வேர் குட்டையாக நின்றுவிட்டாலோ, குருத்து முறுக்கிக்கொண்டாலோ, விதையிலை பாதிக்கு மேல் அழுகியிருந்தாலோ அது இயல்பற்ற நாற்று, கழித்துவிட வேண்டும். புதிதாக வருபவர் பச்சையாகத் தெரிவதையெல்லாம் எண்ணி 92 விழுக்காடு என்று எழுதுவார். பழகிய பகுப்பாய்வாளர் அதே தட்டைப் பார்த்து 84 என்பார். அந்த எட்டும் பிறகு வயலில் சொட்டையாகத் தெரியும். நான்கு நூறுகளின் முடிவுகளும் அனுமதித்த அளவுக்கு மேல் ஒன்றுக்கொன்று விலகினால், சராசரி போட்டுச் சமாளிக்க முடியாது. சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கூர்ந்த கண்ணும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது நல்ல வேலை. வெயிலில் அலைய வேண்டியதும் இல்லை.

மண் ஆய்வில் இதற்கு நேர்மாறு. அங்கே கருவியை இயக்குபவரைவிட மாதிரி எடுப்பவர்தான் முடிவைத் தீர்மானிக்கிறார். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழம் வரை ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டிப் பக்கச்சுவரிலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் எல்லாம் விலக்கு. உரச் சாக்கில் மாதிரியைப் போட்டு அனுப்பினால், அதற்குப் பிறகு எத்தனை லட்சம் பெறுமான கருவியில் சோதித்தாலும் வருவது சாக்கின் முடிவுதான். மண் வேதியியல் தெரிந்து, வயலிலும் இறங்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஆலோசனைப் பணியில் எப்போதும் இடம் இருக்கிறது.

செடியின் சிறு துண்டிலிருந்து புதுச் செடிகளை உருவாக்கும் திசு வளர்ப்புக் கூடங்கள் வெளியிலிருந்து கவர்ச்சியாகத் தெரியும். முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962இல் வெளியிட்ட ஊட்டக்கலவைதான் இன்றும் பல பயிர்களுக்கு அடிப்படை. கலவையை 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் அழுத்தக் கலனில் வைப்பது, காற்றோட்டப் பெட்டியின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் வெட்டிப் பிரிப்பது என்று நாள் போகும். ஆனால் செடிகள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் கண்ணாடிக் குப்பிக்கு வெளியே வந்த பிறகுதான். குப்பியின் ஈரத்தில் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளைகள் ஒழுங்காக மூடாது. வெளிக்காற்று பட்டதும் வாடிவிடும். ஈரப்பதத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கத் தெரிந்தவர்தான் அந்தக் கூடத்தைக் காப்பாற்றுகிறார். அவரைத் தோட்டக்காரர் என்று குறைத்து மதிப்பிடும் நிறுவனங்கள் அதற்கான விலையைக் கொடுக்கின்றன.

ட்ரோன் இயக்குவதற்கு இப்போது ஏகப்பட்ட விளம்பரம். பறக்கவிடக் கற்றுக்கொள்ளச் சில வாரம் போதும். அதோடு நின்றுவிட்டால் ஓட்டுநராகவே இருந்துவிடுவீர்கள். பசுமைக் குறியீட்டுப் படம் என்பது அகச்சிவப்பு, சிவப்பு ஒளிப் பிரதிபலிப்புகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த எண், அவ்வளவுதான். ஓரிடத்தில் பயிர் மற்ற இடத்தைப்போல் இல்லை என்று சொல்லும். காரணம் தழைச்சத்தா, வேரழுகலா, நீர் தேங்கியதா என்று சொல்லாது. பயிர் அடர்ந்து மூடிய பிறகு அந்த எண் அசையாமல் உச்சத்திலேயே நிற்கும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலைக்கு நடந்து போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம் உயரும்.

கால்நடைப் பக்கம் செயற்கைக் கருவூட்டல் பணியாளர் வேலை இருக்கிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த, உறைவிந்து அடைத்த மெல்லிய குழல் குச்சியை 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் வைத்து உருக்குவது முதல் படி. ஒரு குச்சியை எடுக்க மொத்தக் குவளையையும் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கித் தேடுவதுதான் வழக்கமான தவறு. மற்ற குச்சிகள் லேசாக இளகி மறுபடி உறையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, சினைப்பிடிப்பு மட்டும் குறையும்.

அறுவடைக்குப் பிந்தைய வேலைகளை மாணவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. தானியக் கிடங்கில் பூச்சியைக் கொல்லும் பாஸ்பீன் வாயு வைப்பவருக்குப் பல நாடுகளில் உரிமம் கட்டாயம். அந்த வாயு உடனே கொல்வதில்லை. போதிய செறிவில் பல நாள் நிற்க வேண்டும். தார்ப்பாயின் ஓரத்தில் கசிவு இருந்தால் வளர்ந்த பூச்சி சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பும். அதே தவறு திரும்பத் திரும்ப நடந்தால் அந்த வாயுவுக்கு அசராத பூச்சியினத்தை நாமே வளர்த்ததாகிவிடும். செம்பை அரிக்கும் வாயு என்பதால் மின்பலகைகளையும் மூடிக் காக்க வேண்டும். பழம் பழுக்க வைக்கும் அறையை நடத்துவதும் தனித் திறமை. வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிச் சாம்பல் நிறமாகும்; பிறகு பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனை எவ்வளவு விட்டாலும் பளிச்சென்ற மஞ்சள் வராது. காய்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால் அது எத்திலீனின் வேலையைத் தடுத்துவிடும். குளிர்பதனப் பொறியாளர், ஏற்றுமதி ஆவண அலுவலர், பயிர்க் காப்பீட்டு மதிப்பீட்டாளர் எல்லாரும் இந்த இடைப்பட்ட வழியில்தான் இருக்கிறார்கள்.

ஆலைக்குள் பொறுப்பு மிகுந்து, பெயர் மட்டும் கிடைக்காத வேலை ஒன்று உண்டு. டப்பாவிலோ பையிலோ அடைத்த உணவை அழுத்த வெப்பக் கலனில் வேகவைக்கும் ரிட்டார்ட் பணி அது. பிஎச் 4.6க்கு மேல் உள்ள, அமிலம் குறைந்த உணவைக் காற்றுப் புகாமல் அடைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரி அதில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். அதன் வித்துகளை அழிக்க, டப்பாவில் கடைசியாகச் சூடேறும் புள்ளியில் 121.1 டிகிரியில் குறைந்தது 3 நிமிடத்துக்கு ஈடான வெப்பம் சேர வேண்டும். கலனின் வெப்பமானி 121 காட்டினால் போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கலாம், ஒரு டப்பாவில் பத்து கிராம் கூடுதலாக விழுந்திருக்கலாம், மதிய இடைவேளையில் டப்பாக்கள் வரிசையில் நின்று ஆறியிருக்கலாம், நீராவி விடும்போது உள்ளிருந்த காற்று முழுதாக வெளியேறாமல் இருந்திருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் அந்தப் புள்ளி சூடேறுவது பின்தங்கும், வெளி வெப்பமானிக்கோ எதுவும் தெரியாது. டப்பாவுக்குள் வெப்ப உணரிகளைப் பொருத்தி நேரத்தைக் கணக்கிட்டுத் தருபவர் வெப்பச் செயல்முறை வல்லுநர். உலகம் முழுக்கவே இவர்கள் குறைவு. கணிதமும் நுண்ணுயிரியலும் சேர்ந்து பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல இடம் ஆலையில் கிடையாது. உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைப் பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர் 1810இல் வெளியிட்டபோது உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. காரணத்தைச் சொல்ல பாஸ்டர் வர வேண்டியிருந்தது.

உணவுப் பாதுகாப்புக் குழுவில் சேர்பவர்கள் ஹாசப் (HACCP) முறையை, அதாவது ஆபத்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டு அந்த இடங்களில் கட்டுப்படுத்தும் முறையை, கற்றே ஆக வேண்டும். விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியது. ஏழு கொள்கைகளும் மனப்பாடமாக எல்லாருக்கும் தெரியும். நடைமுறையில் சறுக்குவது, பார்த்த இடத்தையெல்லாம் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்று எழுதிவைப்பதில்தான். பதினைந்து புள்ளிகளைக் கண்காணிக்க ஆள் இருக்காது. ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து ஒரே பேனாவில் எல்லாக் கட்டத்தையும் நிரப்புவார்கள். தணிக்கையாளர் முதலில் தேடுவதே அந்த ஒரே பேனாவைத்தான். உலோகம் கண்டறியும் கருவிக்கும் இதே கதி. இரும்பு, இரும்பல்லாத உலோகம், துருப்பிடிக்காத எஃகு என மூன்று சோதனைத் துண்டுகளையும் ஓடவிட வேண்டும். எஃகைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். சோதனை தோற்றால், கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு ஓடிய சரக்கு அத்தனையையும் நிறுத்தி வைக்க வேண்டும். அதைச் சொல்லும் துணிவுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

சுவை மதிப்பீட்டு ஆய்வகத்தில் வேலை என்றால் ருசி பார்ப்பது என்று நினைக்க வேண்டாம். மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு; சுவைப்பவர் அந்த வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றிலக்கக் குறியெண், ஆறு விதமான அடுக்கு வரிசை. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும் என்பதால், முடிவைப் புள்ளியியல் அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே பேச முடியும். இங்கே நாக்கைவிடப் புள்ளியியல்தான் அதிகம் உழைக்கிறது. லேபிள் சரிபார்க்கும் பணியும் பார்வைக்குச் சாதாரணம்தான், ஆனால் சேர்மானப் பட்டியலில் ஒவ்வாமைப் பொருள் ஒன்று விடுபட்டால் சந்தையிலிருந்து மொத்தச் சரக்கையும் திரும்ப அழைக்க நேரும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன் கையைப் பழக்குங்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் வெப்பமானியை வைத்து 0 காட்டுகிறதா என்று பார்ப்பது, ஈரப்பதத்துக்கும் நீர்ச்செயல்பாட்டுக்கும் (நுண்ணுயிரிகளுக்குப் பயன்படும் நிலையில் உள்ள நீரைக் காட்டும் அளவு) உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தோடு விளக்குவது, ஒரு பாக்கெட்டின் தொகுதி எண்ணிலிருந்து மூலப்பொருள் வந்த லாரி வரை பின்னோக்கித் தேடுவது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், பெரிய சான்றிதழ்களைவிட அதிகம் பேசும். கடைசியாகச் சொன்னதை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல தணிக்கைகளில் கேட்பார்கள்.

நீங்களும் கேள்வி கேளுங்கள். அறுவடைக் காலத்தில் எத்தனை மணி நேர ஷிப்ட்? குளிர் அறையில் தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? தரப்பிரிவுத் தலைவர் யாருக்குக் கீழே இருக்கிறார்? உற்பத்தி மேலாளருக்குக் கீழே என்றால், சரக்கை நிறுத்தி வைக்கும் அதிகாரம் தரப்பிரிவுக்கு எழுத்தில் உண்டா என்று அடுத்துக் கேளுங்கள். ‘எழுத்தில் எதற்கு, எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் அந்த வேலையில் சேர அவசரப்பட வேண்டாம்.