எமினென்ட் டொமைன்: தமிழில் ‘அரசின் மேலுரிமை’

கலிபோர்னியாவின் அதிவேக ரயில் திட்டத்தைப் பற்றிப் படிக்கப் போனால் ‘எமினென்ட் டொமைன்’ என்ற தொடர் அடிக்கடி எதிர்ப்படும். அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘புகழ்பெற்ற களம்’ என்று ஏதோ வந்து நிற்கும். செய்தி எழுதுபவர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று ‘நிலம் கையகப்படுத்துதல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. கையகப்படுத்துவது ஒரு செயல். அந்தச் செயலைச் செய்ய அரசுக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது என்பதற்குத்தான் எமினென்ட் டொமைன் என்று பெயர்.

உடைமையாளர் விற்கச் சம்மதிக்காவிட்டாலும், பொதுப் பயனுக்காக, உரிய இழப்பீடு கொடுத்து அவருடைய சொத்தை எடுத்துக்கொள்ள அரசுக்கு உள்ள உரிமை. இதுதான் பொருள். பொதுப் பயன், இழப்பீடு இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பறிப்பு.

இந்தத் தொடரை உருவாக்கியவர் டச்சுச் சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ். போரின் சட்டத்தையும் அமைதியின் சட்டத்தையும் பற்றி 1625இல் இலத்தீனில் வெளியிட்ட நூலில் ‘தொமீனியும் எமினென்ஸ்’ என்று எழுதினார். தொமீனியும் என்றால் உடைமை, ஆட்சி. எமினென்ஸ் என்றால் மற்றவற்றைவிட மேலே துருத்தி நிற்பது. புகழுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, உயரம்தான் விஷயம். குடிமகனின் உடைமைக்கும் மேலே அரசின் உடைமை ஒன்று இருக்கிறது, அவசியம் வரும்போது அது இறங்கி வரும், வந்தால் ஈடுகட்டியாக வேண்டும் என்பது அவர் வாதம். இங்கிலாந்து இந்தத் தொடரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அங்கே ‘கட்டாயக் கொள்முதல்’தான். அமெரிக்கா பிடித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க அரசியல் சாசனத்தில் இந்தச் சொல் கிடையாது. 1791இல் சேர்ந்த ஐந்தாம் திருத்தம், நியாயமான இழப்பீடு இல்லாமல் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. உரிமை இருக்கிறது என்பதை ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக வைத்துக்கொண்டு, கடிவாளத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இனி ரயிலுக்கு வருவோம். கலிபோர்னியா அதிவேக ரயில் ஆணையம் 1996இல் சட்டம் மூலம் உருவானது. அந்தச் சட்டத்தில் அதற்கு நல்ல அதிகாரங்கள் உண்டு: பாதைக்கு வேண்டிய நிலத்தை விலைக்கோ மேலுரிமையிலோ பெறலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், நெடுஞ்சாலையையும் மின்கம்பியையும் குழாயையும் இடம் மாற்றலாம், கட்டணமும் கால அட்டவணையும் வகுக்கலாம். ஆனால் ஒரு கொக்கி இருந்தது. நிதிக்கு வழிசெய்து சட்டமன்றமோ வாக்காளர்களோ ஒப்புதல் தந்தால்தான் இதெல்லாம் உயிர்பெறும். அதுவரை அதிகாரம் ஏட்டில்தான். 2008 நவம்பரில் ‘முன்மொழிவு 1ஏ’ என்ற பெயரில் 995 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதித்த பிறகுதான் திட்டம் நகர்ந்தது.

சரி, அதிகாரம் வந்துவிட்டது என்று ஆணையமே நினைத்த தோட்டத்துக்குள் நுழைய முடியுமா? முடியாது. மதிப்பீடு செய்து, எழுத்துப்பூர்வமாக விலை சொல்ல வேண்டும். உடைமையாளர் மறுத்தால், மாநிலப் பொதுப்பணி வாரியம் என்ற வேறொரு அமைப்பு ‘இன்றியமையாமைத் தீர்மானம்’ நிறைவேற்ற வேண்டும். பொதுநலனுக்கு இந்தத் திட்டம் தேவைதான், பொதுவுக்கு அதிக நன்மையும் தனியாருக்குக் குறைந்த பாதிப்பும் வரும் வகையில் அது அமைந்திருக்கிறது, இந்த நிலம் அதற்கு அவசியம் என்றெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். அப்புறம்தான் நீதிமன்றம். இழப்பீட்டுத் தொகையில் தகராறு என்றால் அதை முடிவுசெய்வது நீதிபதிகூட அல்ல, குடிமக்களைக் கொண்ட நடுவர் குழு (ஜூரி). அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால் மட்டும் நடுவர் குழு இருக்காது.

கலிபோர்னியாவின் அரசியல் சாசனத்தில் ‘எடுத்தால்’ என்பதோடு ‘சேதப்படுத்தினால்’ என்றும் ஒரு சொல் உண்டு. அதன் அருமை மத்தியப் பள்ளத்தாக்கில்தான் தெரியும். மடேரா, ஃபிரெஸ்னோ, கிங்ஸ் மாவட்டங்களில் பாதாம் தோப்பும் திராட்சையும் சதுரம் சதுரமாக, அளவெடுத்து வைத்தாற்போல இருக்கும். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலுக்கு வளைவுகள் பல கிலோமீட்டர் ஆரத்தில் அமைய வேண்டும். வரப்பைப் பார்த்துத் திரும்ப அதற்கு வசதிப்படாது. ஆகவே பாதை பல இடங்களில் சதுரத்தைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகிறது. அப்படி அறுபட்டால் கிணறும் பம்பும் ஒரு பக்கம், தோப்பின் பாதி மறுபக்கம் என்றாகிவிடும். சொட்டுநீர்க் குழாயை மறுபடி பதிக்க வேண்டும். டிராக்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மிஞ்சிய முக்கோணத் துண்டை விற்கப் போனால் பழைய விலை கிடைக்காது. எடுத்த நிலத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு அரசு கைகழுவ முடியாது. மிச்ச நிலம் இழந்த மதிப்புக்கும் கணக்கு உண்டு. தமிழில் இதை ‘துண்டாடல் இழப்பு’ எனலாம்.

அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்தைப் பார்ப்பதற்கும் ஆட்கள் உண்டு. வல்லுநர் மறுஆய்வுக் குழு ஒன்று, மாநிலத் தணிக்கையாளர், 2022இல் சட்டமன்றம் தனியாக ஏற்படுத்திய தலைமை ஆய்வர் அலுவலகம். இவர்களில் தணிக்கையாளரின் 2018 நவம்பர் அறிக்கைதான் மேலுரிமையைப் புரிந்துகொள்ள உதவுவது. 2013இலேயே கட்டுமான ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நிலமோ பெரும்பகுதி கைக்கு வரவில்லை. மடேராவிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகே வரை சுமார் 190 கிலோமீட்டருக்கு 2,000க்கும் மேற்பட்ட துண்டுகளை வாங்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் எந்திரத்தோடு வந்து காத்திருந்தால் காத்திருப்புக்கும் காசு. ஆயத்தமாகும் முன்பே வேலையைத் தொடங்கியதும் செலவு பெருகக் காரணம் என்று அறிக்கை நேராகவே சொன்னது. எடுக்கும் உரிமை கையில் இருப்பதால் நிலமும் கையில் இருப்பதாக நினைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்மிடம் இருக்கும் சொற்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அலுவலகப் பலகைகளில் இருப்பது ‘நில எடுப்பு’: தனி வட்டாட்சியர் (நில எடுப்பு). பெரியவர்கள் வாயில் இன்னும் ‘நில ஆர்ஜிதம்’தான். ஆர்ஜிதம் என்றால் சம்பாதித்தது. பத்திரத்தில் ‘எனது சுயார்ஜித சொத்து’ என்று எழுதுகிறோமே, அதே சொல். நீங்கள் உழைத்துச் சம்பாதித்ததை அரசு ஆணை போட்டுச் சம்பாதிக்கிறது! இலங்கையில் ‘காணி சுவீகரிப்பு’ என்பார்கள்; பிள்ளையைத் தத்தெடுப்பதும் சுவீகாரம்தான், தனதாக்கிக்கொள்வது என்ற பொருள் இரண்டுக்கும் பொது. ‘கையகப்படுத்துதல்’ பத்திரிகைச் சொல். ராணுவம் ஊரைப் பிடித்தாலும் அதையே எழுதுவதால், இழப்பீடு என்ற வாசனையே அதில் இல்லை. எனக்கு ‘நில எடுப்பு’ போதும், சின்னது, ஒப்பனையில்லாதது. ஆனால் இந்த நான்கும் செயலுக்கான பெயர்கள். உரிமைக்குப் பெயர் வேண்டும்.

‘மேலாதிக்கம்’ ஆகாது, அது அடக்கியாளும் நாடுகளைப் பற்றிப் பேசும் சொல். ‘மேலாண்மை’யை நிர்வாகப் படிப்பு எடுத்துக்கொண்டது. ‘இறையாண்மை’ இதைவிடப் பெரியது. மேலுரிமை அதன் ஒரு கிளை மட்டுமே. ‘அரசின் மேலுரிமை’ பொருந்தும் என்பதற்கு நம் வருவாய்த் துறை வரலாறே துணை நிற்கிறது. விளைச்சலில் அரசுக்கோ ஜமீனுக்கோ போகும் பங்கு மேல்வாரம், உழுபவருக்கு மிஞ்சுவது குடிவாரம். ஒரே நிலத்தின் மீது அடுக்கடுக்காக உரிமை இருக்கும் என்பதும், மேலடுக்கில் இருப்பது அரசு என்பதும் தமிழருக்குப் பழகிய எண்ணம். மேல்வாரம் விளைச்சலோடு நின்றுவிடும், மேலுரிமை நிலத்தையே தொடும் என்ற வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலும் இந்த உரிமை ரயிலோடு சேர்ந்தே வளர்ந்தது. சாலைக்கும் கால்வாய்க்கும் நிலம் எடுக்க வங்காளத்தில் 1824இல் போட்ட ஒழுங்குமுறையை ரயில் பாதைக்கும் பொருந்தச் செய்ய 1850இல் தனிச் சட்டம் வந்தது. பம்பாயிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853இல். இன்று மும்பை–அகமதாபாத் 508 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கு நிலம் எடுத்தது 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி. மும்பையின் விக்ரோலியில் ஒரு பெரிய நிறுவனம் தன் நிலத்துக்காகத் தொடுத்த வழக்கை 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனியார் நலனைவிடப் பொதுநலன் மேலானது என்பதே அங்கும் அடிப்படை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. மேலுரிமையைப் பயன்படுத்தி அரசு தொடுக்கும் வழக்குக்கு அமெரிக்காவில் ‘கண்டெம்னேஷன்’ என்று பெயர். ‘தோப்பை அரசு கண்டித்தது’ என்று எழுதிவிடக் கூடாது. ‘எடுப்பு வழக்கு’ என்றால் முடிந்தது. அரசு முறைப்படி எடுக்காமலேயே நிலத்தைப் பாழாக்கிவிட்டால், உடைமையாளரே நீதிமன்றம் போய் இழப்பீடு கேட்கலாம். அதற்கு ‘எதிர் எடுப்பு வழக்கு’ எனலாம்.